இருபத்தாறாம் பல்லை மாற்றியது யார்?

அத்தியாயம் 9

பெரியவர் சொன்னால் சொன்னதுதான். "வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டு பேரும் என் முன்னால வந்து உட்காருங்க, லேபைப் பிரிச்சுக் குடுத்துடறேன்" என்று போன வாரம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாரே, அந்த வியாழக்கிழமை விடிந்துவிட்டது.

பிரிப்பது என்றால் எதை? கீழே வீடு, மாடியில் லேப். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளுக்குப் பல் செய்து கொடுக்கிற இடம். மகள் சின்னவள் அச்சை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் பல்லை வரைவாள். மகன் மூத்தவன் அதை மில்லிங் மிஷினில் கொடுத்து வெள்ளைக் கட்டியிலிருந்து செதுக்கி எடுப்பான். அவள் வரைந்தால்தான் அவனுக்கு வேலை, அவன் செதுக்கினால்தான் அவள் வரைந்தது பல்லாகும். இதைப் பிரிப்பதும் ஒரு கத்தரிக்கோலை ஆளுக்குப் பாதியாகக் கொடுப்பதும் ஒன்றுதான். ஆனால் பெரியவரிடம் அதை யார் சொல்வது?

ஐந்து வாரமாகத் தகராறு. சின்னவள் வரைந்து வைப்பது ஒரு பல், மிஷினிலிருந்து வருவது வேறு பல். வேறு என்றால், அவளே முதலில் வரைந்து பிறகு திருத்திவிட்ட பழைய பல். டாக்டர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். அவள் ஒழுங்காக சேவ் செய்யவில்லை என்றான் மூத்தவன். அவன் பழசைத் திறந்து ஓட்டிவிட்டுப் பழியைத் தன் தலையில் கட்டுகிறான் என்றாள் சின்னவள். மூன்று வாரமாக இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவள் மூத்தவனின் மனைவி. எதைப் பார்த்தாலும் ஏன், ஏன் என்று கேட்பதால் மாமனார் வைத்த பெயர் ஏனம்மா. அதுவே நிலைத்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பு ஒரு கல்லூரியில் நூறு கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவள். லேபில் இருக்கிற கம்ப்யூட்டர்களும், எல்லாப் பல்லின் கோப்புகளையும் பொதுவாக வைத்திருக்கிற சர்வரும் இப்போது அவள் பொறுப்பு. எல்லாமே லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகிறவை.

சர்வரின் பதிவேட்டைத் திறந்தால் பிழை வரிகள் கொட்டின. கோப்பைப் படிக்க முடியவில்லை, கோப்பு இருந்த இடம் தெரியவில்லை, காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்று பக்கம் பக்கமாகப் புலம்பல். சில நாள் மில்லிங் மிஷின் பாதிப் பல்லோடு நின்றேவிடும். நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர்ந்து கொடுக்கிற கெர்னல், அதாவது லினக்ஸின் உள்மையம், எங்கோ தடுமாறுகிறது என்று ஏனம்மாவுக்குப் பட்டது. பட்டது என்பதைவிட, குற்றவாளி கெர்னலாகவே இருந்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள் என்பதுதான் சரி. கெர்னல் இல்லையென்றால் நாத்தனார், நாத்தனார் இல்லையென்றால் புருஷன். அந்த இரண்டாவது வழியில் யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கெர்னலைப் பராமரிக்கிறவர்கள் எழுதிக்கொள்ளும் மடல் குழுவில் தன் கதையை எழுதிப்போட்டிருந்தாள். முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ பதில் போட்டிருந்தார். "புதுக் கெர்னலைப் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிழை நின்றாலும் நிற்காவிட்டாலும் எனக்கு எழுதுங்கள்." கடைசியில், பல் செய்கிற இடத்திலும் நம் வேலை ஓடுகிறது என்பது இன்றுதான் தெரியும் என்று ஒரு வரி. அந்த வரியை அவள் நாலு தடவை படித்தாள்.

காலை ஏழு மணிக்கு லேபில் அவளும் சர்வரும்தான். சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பல் செதுக்கும் வெள்ளை சிர்கோனியாக் கட்டிகள் அடுக்கிய அலமாரிக்கும் செதுக்கிய பல்லைச் சுட்டு இறுக்குகிற உலைக்கும் நடுவில், ஒரு தையல் மிஷின் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் மேல் எப்போதும் வெள்ளைத் தூசி.

மூத்தவன் டீயோடு மேலே வந்தான். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டான். சொன்னாள். புரியவில்லை என்றான்.

"அலமாரிச் சாவியெல்லாம் கையில வச்சிருக்கிற ஆள்னு வச்சுக்குங்க. யார் எதைத் திறக்கணும்னாலும் அந்த ஆள்கிட்டதான் கேக்கணும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேட்டா ஆள் குழம்பிடறாரு போல. அதான் ஆளை மாத்திப் பாக்கப்போறேன்."

"பழைய ஆளு?"

"துரத்தல. பக்கத்துலயே உட்கார வச்சிருக்கேன். புது ஆள் சரிப்படலைன்னா மறுபடி அவரையே கூப்பிட்டுக்கலாம்."

"அவ ஒழுங்கா சேவ் பண்ணினா எந்த ஆளும் குழம்ப மாட்டான்" என்று சொல்லிவிட்டு மூத்தவன் மிஷின் பக்கம் போய்விட்டான். ஏனம்மா சண்டையை வளர்க்காமல் சர்வர் பக்கம் திரும்பினாள். காலங்காத்தாலே எதற்கு?

சர்வரை அணைத்துப் புதுக் கெர்னலோடு எழுப்பினாள். திரை கறுத்தது. கறுத்தது கறுத்தபடியே இருந்தது. மின்விசிறி மட்டும் சுற்றியது. நேரம் போகப் போக அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். காலை ஒன்பது மணிக்கு வேலை ஆரம்பம், இன்றைக்குப் பார்த்து சர்வர் படுத்துக்கொண்டால், ஆறு மணிப் பஞ்சாயத்தில் மூன்றாவது குற்றவாளியாக அவளே போய் உட்கார வேண்டியதுதான். ஒரு வழியாக எழுத்துகள் திரையில் ஓட ஆரம்பித்தன. உள்ளே போய் எந்தக் கெர்னல் என்று கேட்டாள். புதியது என்று பதில் வந்தது.

சோதனைக்கு அவள் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தாள். ஆயிரம் பழைய பற்களை சர்வருக்கும் மில்லிங் மிஷின் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கும் இடையே எழுதி, படித்து, அழித்து, மறுபடி எழுதும். நேற்றுப் பழைய கெர்னலில் ஓட்டியபோது ஒரு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று பிழைகள். இன்று பத்து நிமிஷம் போயிற்று, பூஜ்யம். அரை மணி நேரம், பூஜ்யம். எட்டரைக்கும் பூஜ்யம்தான். அவள் நம்பாமல் நிரலே செத்துவிட்டதோ என்று பார்த்தாள். அது உயிரோடு, ஆயிரம் பற்களையும் அசராமல் மென்றுகொண்டிருந்தது.

மிஷின் பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் கையோடு புதுக் கெர்னலைப் போட்டுவிடக் கை துறுதுறுத்தது. ஒரு நேரத்தில் ஒன்று என்று அந்த மனிதர் எழுதியது நினைவுக்கு வர, கையைக் கட்டிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு ஒரு டாக்டர் போன் செய்தார். முந்தைய நாள் சின்னவள் வரைந்து காட்டிய இருபத்தாறாம் பல், அதாவது மேல்வரிசையில் இடது பக்கத்து முதல் கடைவாய்ப்பல், மெல்லுகிற இடத்தில் ஒரு மயிரிழை உயரம், குறைத்துக்கொடுங்கள் என்றார். நோயாளி மறுநாள் காலை வருகிறார். நாலு மணிக்குள் பல் உலைக்குள் போனால்தான் காலையில் கையில் கிடைக்கும். இதே டாக்டர் ஏற்கெனவே இரண்டு பல்லைத் திருப்பி அனுப்பியவர். மூன்றாவது திரும்பினால் அவர் வேறு லேபைப் பார்த்துக்கொள்வார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். மேடுகளை இழைத்தாள், நடுப் பள்ளத்தை லேசாக இழுத்தாள், பன்னிரண்டே காலுக்கு சேவ் செய்தாள். "அண்ணி, வந்து உங்க கண்ணால பாத்துக்குங்க. அப்புறம் நான் பண்ணலைன்னு யாரும் சொல்லக் கூடாது." ஏனம்மா பார்த்தாள். மிஷின் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கும் போய் அதே கோப்பைத் திறந்து பார்த்தாள். அங்கேயும் திருத்திய பல்தான் இருந்தது. பிழை வரி எதுவும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பழைய பல் எப்போதுமே மத்தியானத்துக்குப் பிறகுதான் தலைகாட்டுகிறது. அப்படியென்றால் சாப்பாட்டு நேரம் முழுக்க யாரும் மேலே இருக்கக் கூடாது. லேபைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணனும் தங்கையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், இது சோதனையின் ஒரு பகுதி என்று சொன்னாள். கெர்னலுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மூத்தவன் கேட்டான். இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

பெரியவர் பன்னிரண்டரைக்கே தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குப் போகிறவர். ஒரு மணிக்கு மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள்.

"அண்ணி, உப்பு அந்தப் பக்கம் இருக்கான்னு கேளுங்க."

"இருக்குன்னு சொல்லு அவகிட்ட."

ஏனம்மா இருவருக்கும் நடுவில் உப்பைத் தள்ளி வைத்தாள். மேஜைக்கு அடியில் பூனை கூட எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. சிரிக்கக் கூடாது என்று மூவருமே வாயை இறுக்கிக்கொண்டார்கள், சின்னவள்தான் முதலில் தோற்றாள். சிரித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

ஒன்றரைக்கு மேலே போய்ப் பூட்டைத் திறந்தார்கள். மூத்தவன் கட்டியைப் பொருத்திவிட்டு இருபத்தாறைத் திறந்தான். திரையில் நின்றது பழைய பல். அதே மயிரிழை உயரத்தோடு.

"இப்ப என்ன சொல்றா உன் நாத்தனார்?" என்றான். குரலில் வெற்றி இருந்தது, ஆனால் அதற்குள்ளேயே குழப்பமும் இருந்தது. அவனும்தானே லேப் பூட்டியிருந்த நேரம் முழுக்கக் கீழே உட்கார்ந்திருந்தான். சின்னவள் முகம் வெளிறி நின்றாள்.

ஏனம்மா பதிவேட்டைப் பார்த்தாள். பிழை ஒன்றுகூட இல்லை. கெர்னல் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்திருந்தது. ஐந்து வாரமாக அவள் இரண்டு வியாதியை ஒரே வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் பாதியில் நின்றது கெர்னலால். பல் பழசானது கெர்னலால் இல்லை. இரைச்சல் அடங்கியபிறகு இது மட்டும் தனியாகத் தெரிந்தது.

எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறவள் இத்தனை நாளாக யார் என்று மட்டும் கேட்காமலே இருந்தாள். கேட்டால் புருஷன் பெயர் வந்துவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன? இன்று கேட்டாள். இருபத்தாறாம் பல்லைக் கடைசியாக எழுதியது எந்தக் கம்ப்யூட்டர்? ஒன்று பதினேழு என்று மணி காட்டியது. அதன் பக்கத்தில் பதிவாகியிருந்த பெயர் லேபில் உள்ள எந்தக் கம்ப்யூட்டருடையதும் இல்லை.

அவள் எழுந்தாள். கொஞ்ச நேரத்தில் வருகிறேன், நீங்கள் அந்த ஒரு திருத்தத்தை மறுபடி வரைந்து வேறு பெயரில் வைத்து உடனே செதுக்கிவிடுங்கள் என்றாள். யார் என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

பெரியவர் அறையில் ஜன்னலோரம் சின்னவளுடைய பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அவளுக்குப் புதியது வாங்கியபோது, செய்தி படிக்க வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். நாலு வாரம் ஆகிறது. அன்று ஏனம்மா கம்பியைப் பொருத்தும்போது, பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "இதுல பல்லெல்லாம் தெரியுமா?" என்றும் கேட்டார். தெரியும் மாமா என்று சர்வரையும் திறந்துகொடுத்தாள். பார்க்க மட்டும் என்று கட்டுப்பாடு போட்டிருக்க வேண்டும். லேபையே கட்டியெழுப்பிய மாமனாருக்குப் போய் எப்படிப் பார்க்க மட்டும் என்று போடுவது? மனசு வரவில்லை. முழு அனுமதியும் கொடுத்துவிட்டு மறந்தும் போனாள்.

பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார், தூங்கவில்லை. ஆறு மணியை நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

"மாமா, காலையில ஏதாவது பல்லைத் திறந்து பாத்தீங்களா?"

"பாத்தேன். இருபத்தாறு. ஏன், பாக்கக் கூடாதா?"

"பாக்கலாம். எப்படிப் பாத்தீங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி எழுந்து உட்கார்ந்தார். பத்து மணிக்குத் திறப்பாராம். அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். சாப்பிடப் போகும்போது அப்படியே விட்டுவிட்டு, வந்து இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிப் படுத்துக்கொள்வாராம். சொல்லிக்கொண்டே ஒரு பல்லைத் திறந்து, சுட்டியால் ஒரு சுற்றுச் சுற்றி, மூடினார். மாற்றங்களைச் சேமிக்கவா என்று பெட்டி எழும்பியது. யோசிக்காமல் ஆம் என்பதை அழுத்தினார்.

"மாமா, எப்பவும் ஆம்தான் அழுத்துவீங்களா?"

"பின்னே? இல்லைன்னு அழுத்தினா பொண்ணு வரைஞ்சது போயிடாதா?"

ஏனம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். லேப்டாப்பை அவர் மடியில் வைத்தாள். காலையில் பத்து மணிக்கு நீங்கள் திறந்தது பழைய பல், பன்னிரண்டே காலுக்கு அவள் அதைத் திருத்தி வைத்தாள், ஒன்று பதினேழுக்கு நீங்கள் ஆம் சொன்னதும் உங்களிடம் இருந்த பழசு அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு கடைசியாகத் திரும்பிவந்த சில பற்களின் தேதிகளையும் காட்டினாள். அவற்றின் பக்கத்தில் ஜன்னலோரக் கம்ப்யூட்டரின் பெயர்தான் இருந்தது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். தேதிகள் மாறவில்லை.

"உங்களுக்குப் பார்க்க மட்டும்னு போட்டிருக்கணும் மாமா. போடாதது என் தப்பு" என்றாள்.

"அவங்களுக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"மிஷின் தப்புன்னு சொல்லிடலாமா?"

முழுப் பொய்யும் இல்லை. காலைவரை கெர்னலிலும் தப்பு இருந்ததே. ஏனம்மா உங்கள் இஷ்டம் மாமா என்று மட்டும் சொன்னாள். மாடியில் மில்லிங் மிஷின் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

இருபத்தாறாம் பல் மூன்றே முக்காலுக்கு உலைக்குள் போனது.

ஆறு மணிக்கு மகனும் மகளும் ஆளுக்கொரு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள், அதில் ஏனம்மா உட்கார்ந்தாள். பெரியவர் நின்றுகொண்டே பேசினார்.

"பிரிக்கிற பேச்சு இல்ல. உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. பல்லை மாத்தினது நான்."

ஏனம்மா நிமிர்ந்து பார்த்தாள். மத்தியானம் மிஷின் மேல் போட்டுவிடலாமா என்று கேட்ட அதே மனிதர் திறப்பதையும் மூடுவதையும் ஆம் அழுத்துவதையும் ஒன்று விடாமல் சொன்னார். இல்லை என்று அழுத்தினால் வரைந்தது அழிந்துபோகும் என்று நினைத்ததையும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

சின்னவள்தான் கேட்டாள். "தினமும் அதை எதுக்குப்பா திறந்து பாத்தீங்க? நான் தப்பா வரைவேன்னா?"

இருபது வருஷமாக அவள் வரைந்த ஒரு பல்லைக்கூட அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. பரவாயில்லை என்று ஒரு தடவை சொன்னதை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"தப்பு கண்டுபிடிக்கப் பாக்கல" என்றார் பெரியவர். "நல்லா இருந்துச்சு. அதான் பாத்தேன்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் சொட்டு சொட்டாக விழுந்தது. பெரியவர் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றார். மூத்தவன் நாற்காலியைத் தங்கை பக்கம் இழுத்துப்போட்டு, சேவ் பண்ணலைன்னு சொன்னது தப்புதான் என்று முணுமுணுத்தான். பிறகு அப்பாவைப் பார்த்து, "அவ வரைஞ்சதை மட்டும்தான் பாப்பீங்களா? நான் செதுக்கினதையும் ஒரு நாள் மேல வந்து பாருங்க" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். பெரியவரும் சிரித்தார்.

ஏனம்மாவுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. முகம் தெரியாத அந்த மனிதருக்கு இந்த நிமிஷமே எழுதிவிட வேண்டும் என்று மேலே ஓடினாள். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. புதுக் கெர்னலில் ஆயிரம் கோப்பு, பிழை பூஜ்யம், மிக்க நன்றி என்று எழுதினாள். மீதமிருந்த ஒரு பிழை என் மாமனார், அவரையும் சரிசெய்தாயிற்று என்று எழுதி, அது அவருக்கு எதற்கு என்று அழித்தாள்.

அனுப்புமுன் ஒரு சின்ன யோசனை. பிழை ஆரம்பித்த நாளையும் குறிப்பிட்டால் அவருக்கு உதவியாக இருக்குமே. முதன்முதலில் திரும்பிவந்த பல், தகராறைத் தொடங்கிவைத்த பல், என்றைக்கு? தேடினாள். ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதி.

ஐந்து வாரம். மாமாவின் அறைக்குக் கம்ப்யூட்டர் போய் நாலு வாரம்தான் ஆகிறது.

அந்த நாளின் பதிவைத் திறந்தாள். பிழை வரி ஒன்றுமே இல்லை. அந்தப் பல்லைக் கடைசியாக எழுதியது மில்லிங் மிஷின் பக்கத்துக் கம்ப்யூட்டர், மணி நாலு இருபது. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பல்லைப் படிக்கிற வேலை மட்டும்தான். எழுதுகிற வேலையே அதற்குக் கிடையாது. யாராவது உட்கார்ந்து வேண்டுமென்றே செய்தால்தான் உண்டு. அதன் முன்னால் உட்காருகிறவன் வீட்டில் ஒரே ஒருவன்.

வாசலில் காலடிச் சத்தம். மூத்தவன் இரண்டு டம்ளர் டீயோடு நின்றான். முகத்தில் பல நாளைக்குப் பிறகு நிம்மதி.

"இன்னும் என்னத்தைப் பாக்குற? அதான் எல்லாம் அப்பாதான்னு தெரிஞ்சுபோச்சே. அந்தப் பழைய கணக்கையெல்லாம் அழிச்சிட்டு வா."

டீயை நீட்டிய கை திரையின் பக்கமாக வந்து நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக, ஏனம்மாவுக்கு ஏன் என்று கேட்க வாய் வரவில்லை.